நாங்கூழும் நஞ்சும்: லக்கல மண்ணை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் என இன்று வழங்கும் தும்பறை மலைத்தொடரின் வடசாரலை அடுத்துக் கிடக்கும் நிலப்பரப்பு லக்கல ஆகும். பழைய நிருவாகப் பிரிவிலே இது உடசிய பற்று, பல்லேசிய பற்று என இரு கூறாக வழங்கிற்று. மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதை ரிவஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புறவுக்கு இறங்கி, அப்பால் லக்கலையைச் சென்றடைகின்றது. கணவாய்க்கு மேற்கே தேயிலையும் ஈரக்காடும். கிழக்கே பிட்டவல பத்தனையின் புல்வெளியும் உலர்காடும். குறுகிய தொலைவினுள் மழையும் மண்ணும் இவ்வளவு மாறும் இடங்கள் இலங்கையில் மிகச் சிலவே. மலைச்சரிவிற் படிபடியாக வெட்டிய வயல், மேட்டிலே குரக்கன் விளைந்த சேனை, காட்டு நிழலில் ஏலம் என்பனவே இப்பகுதியின் நெடுநாளைய பயிர்த்தொழில்.

2018ஆம் ஆண்டில் இந்நிலத்தின் ஒரு பகுதி நீருள் மறைந்தது. மொறகஹகந்த - களுகங்கைத் திட்டத்தின் கீழ்க் களுகங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய பள்ளேகம நகரும் அதனைச் சூழ்ந்த வயல்களும் அதனுள் அடங்கின. (இக்களுகங்கை அம்பன் கங்கையின் கிளையாறு, களுத்துறையிற் கடலோடு கலக்கும் பேராறு அன்று.) மக்கள் புதிய இடங்களிற் குடியமர்ந்தனர், புதிய நிலம் பயிருக்கு வந்தது. வீடும் பாதையும் சில ஆண்டுகளில் அமைத்துக் கொடுக்கத்தக்கவை. தலைமுறை தலைமுறையாக எருவிட்டு உழுது பதப்படுத்திய வயல்மண்ணை அவ்வாறு அமைத்துக் கொடுத்தல் இயலாது. புதுநிலத்தில் மண் எவ்வளவு விரைவிற் பண்படும் என்பதை அறுதியிடும் காரணிகளுள் ஒன்று மண்புழு. அம்மண்புழுவைப் பெரிதும் தாக்கவல்லவற்றுள் ஒன்று பயிருக்கு இடும் நஞ்சு. ஆகவே, ஓர் இரசாயனப் பொருள் மண்புழுவுக்குத் தீங்கு செய்யுமா என்பதை உலகம் எவ்வாறு சோதித்து வந்துள்ளது, அச்சோதனை லக்கல போன்றதொரு மண்ணுக்கு எம்மட்டிற் பொருந்தும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

மண்புழுவைக் குறிக்க நம் இலக்கிய வழக்கில் நாங்கூழ் என்னும் சொல் உண்டு. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, அதனை உழவர்க்கெல்லாம் மேலான உழைப்பாளியாக வைத்துப் போற்றும் பகுதியைக் கற்றோர் அறிவர். அதற்குச் சரியாகப் பத்தாண்டு முன்னர், 1881இல், சாள்ஸ் டார்வின் மண்புழுக்களின் செயலால் மேல்மண் உருவாதல் பற்றிய தமது இறுதி நூலை வெளியிட்டிருந்தார். ஒன்று மற்றொன்றைத் தழுவியது எனச் சாதிப்பது எம் நோக்கமன்று. ஆயினும், அதுவரை அருவருப்புக்குரியதாய்க் கிடந்த ஓர் உயிர் அறிவியலிலும் தமிழ் நாடகத்திலும் ஒரே பத்தாண்டினுள் உயர்வு பெற்றமை கவனிக்கத்தக்கது.

டார்வினுடைய நூல் இலங்கையையும் தொட்டுச் செல்கின்றது. கல்கத்தாத் தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த கிங் என்பார் இலங்கையிற் கண்ட ஒரு புழு ஏறத்தாழ இரண்டடி நீளமும் அரை அங்குல விட்டமும் உடையது என்றும், மழைக்காலத்தில் அது மிகுதியாகக் காணப்படும் எனக் கேள்விப்பட்டார் என்றும் அந்நூல் கூறும். இதற்கும் முன்னரே, 1844இல், இலங்கையிற் படைமருத்துவராகப் பணியாற்றிய ரொபேட் ரெம்பிள்ரன் இத்தீவின் நீலநிறப் பெரும்புழு ஒன்றை விவரித்து மெகாஸ்கோலெக்ஸ் என்னும் சாதிப்பெயரை அமைத்தார். ஆசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரந்து வாழும் மண்புழுக்களின் பெருங்குடும்பம் ஒன்று இச்சாதியின் பெயராலேயே மெகாஸ்கோலெசிடே என இன்றுவரை வழங்குகின்றது. ஒரு குடும்பத்துக்கே பெயர் தந்த புழு இலங்கைப் புழு என்பதைக் கற்போர் நினைவில் இருத்துவாராக. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்தாள்வோம்.

மண்புழுவின்மீது இரசாயனத்தைச் சோதித்தோருள் முற்பட்ட ஒருவராகவும் டார்வினைக் கொள்ளலாம். அவர் புழுக்களைச் சாடிகளில் வளர்த்து, புகையிலையை மென்று அவற்றின்மீது மூச்சு விட்டார். வாசனைத் திரவியம் தோய்த்த பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு ஊதினார். அசற்றிக்கமிலத்தையும் பயன்படுத்திப் பார்த்தார். புகையிலை மணத்தைப் புழுக்கள் பொருட்படுத்தவில்லை. அமிலத்துக்கே சிறிது அமைதி குலைந்தன. அவர் நாடியது புழுவின் புலனறிவு பற்றிய செய்தி. புழுவைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திற்குரியதன்று.

அடுத்து வந்த காலப்பகுதியில் புழுவைக் கொல்லுதலே நோக்கமாயிற்று. இங்கிலாந்திற் கொல்வ் விளையாட்டுத் திடல்களில் மண்புழு எச்சம் பந்தின் ஓட்டத்தைக் கெடுத்தது. அதனைப் போக்க 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு பெருவழக்காயிருந்த பொருள்களுள் ஒன்று இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான இலுப்பைப் புண்ணாக்கு என்பது நமக்கு வியப்பளிக்கும். எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் அப்புண்ணாக்கிலுள்ள சபோனின் என்னும் நுரைப்பொருள் புழுவின் ஈரத்தோலைத் தாக்க, புழுக்கள் மேலே வந்து மடிந்தன. சிங்களத்தில் மீ எனப்படும் இதே இலுப்பை இலங்கையின் உலர் வலயத்திலும் ஆற்றோரங்களிலும் நிற்பது. நம்மவர் தலைமுழுகவும் விளக்கெரிக்கவும் பயன்படுத்திய மரத்தின் விதை, பிறிதோர் நாட்டிற் புழுக்கொல்லியாயிற்று. எந்தச் செறிவில் எத்தனை புழு மடியும் என்னும் கேள்வி பயன்முறையில் எழுந்த இடங்களுள் இத்திடல்களும் அடங்கும் எனலாம். கேட்டோர் ஆராய்ச்சியாளர் அல்லர், திடல் பராமரிப்போர்.

கேள்வியின் திசை மாறியது இரண்டாம் உலகப் போரின் பின்னரேயாகும். பழத்தோட்டங்களில் நெடுங்காலம் செப்பு மருந்து தெளித்த இடங்களில் மண்புழு அருகி, விழுந்த இலைகள் உக்காது பாய்போலப் படிந்து கிடந்தமை ஐரோப்பிய ஆய்வாளர் கண்ணிற் பட்டது. செப்பு அழிவதில்லை, ஆண்டுதோறும் மண்ணிற் சேர்ந்துகொண்டே போகும். இலங்கைத் தேயிலையிலும் 1946இற் கொப்புள நோய் புகுந்தபின் செப்பு மருந்துகளே முதன்மைக் காப்பாயின என்பதை இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும். ரத்தோட்டைச் சாரலின் தேயிலையைப் பார்த்துக்கொண்டு ரிவஸ்டன் ஏறுவோர்க்கு இது வெறும் பிறநாட்டுச் செய்தியன்று.

டிடிரீயின் கதை வேறு வகையினது. 1962இல் ராச்சேல் கார்சன் எழுதிய நூலால் உலகறிந்த அக்கதையில் மண்புழு சாகவில்லை என்பதே முக்கியம். அமெரிக்காவில் எல்ம் மரங்களுக்குத் தெளித்த டிடிரீ இலையோடு மண்ணில் விழுந்தது. இலையைத் தின்ற புழு நஞ்சைத் தன்னுடலிற் சேமித்தது. புழுவைத் தின்ற ரொபின் பறவை மாண்டது. பதினொரு பெரிய புழுக்களே ஒரு பறவையைக் கொல்லப் போதுமானவை என்னும் கணிப்பை அந்நூல் எடுத்துரைத்தது. புழு உயிரோடிருப்பதால் மட்டும் மண் நலமாக உள்ளது என்று கொள்ளுதல் தவறு என்பதை இது உணர்த்திற்று. இலங்கையில் டிடிரீ 1940களின் நடுப்பகுதியிலிருந்து மலேரியாவுக்கு எதிராக வீட்டுச் சுவர்களின் உட்புறத்தே தெளிக்கப்பட்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஒரே பொருள் சுவரில் ஒரு பயனையும் இலையில் வேறொரு விளைவையும் தந்தது. நஞ்சு என்பது பொருளின் குணம் மட்டுமன்று. அது சென்றடையும் இடத்தையும் பொறுத்தது.

1970களில் ஆப்பிள் தோட்டங்களில் பெனோமில் என்னும் பூஞ்சைக்கொல்லி தெளிக்கப்பட்டபோது, பூஞ்சைக்கென ஆக்கப்பட்ட மருந்து மண்புழுவையே அழிப்பதும், உக்காத இலைக்குவியல் தோட்டத்தில் எஞ்சுவதும் இங்கிலாந்தில் அறியப்பட்டன. ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன்னரே அதனைப் புழுவின்மீது சோதிக்கும் பொதுமுறை வேண்டும் என்னும் கருத்து இத்தகைய அனுபவங்களாலேயே வலுப்பெற்றது.

ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்திலிருந்த கிளைவ் எட்வேட்ஸ் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்காக 1983இல் அளித்த அறிக்கையும், அதனையொட்டி 1984 ஏப்பிரலிற் பொருளாதாரக் கூட்டுறவுக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் வெளியிட்ட 207ஆம் வழிகாட்டியும் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வழிகாட்டியைச் சிறிது விரிவாக நோக்குவோம். ஏனெனில், அதன் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கின்றது.

முதற்கட்டம் வடிதாட் சோதனை. மருந்து தோய்த்த வடிதாளைச் சிறு கண்ணாடிக் குப்பியின் உட்புறத்தே ஒட்டி, குப்பிக்கு ஒரு புழுவாக இட்டு, 48 மணி நேரம் இருளில் வைத்துப் பார்ப்பர். இரண்டாவது கட்டமே முதன்மையானது. அதற்கெனச் செயற்கை மண் ஒன்று ஆக்கப்படுகின்றது: நூற்றுக்கு 70 பங்கு நுண்மணல், 20 பங்கு கயோலின் களி, 10 பங்கு பீற். பீற் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பக்னம் பாசி அரைகுறையாக உக்கி உண்டாவது. உலர்நிறை 500 கிராம் கொண்ட இம்மண்ணில் மருந்தைக் கலந்து, பத்துப் புழுக்களை இடுவர். ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு சாடிகள். மருந்திடாத ஒப்பீட்டுச் சாடிகள் வேறு. வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். புழு வெளியே தப்பி ஊராது மண்ணுள் நிற்கும்பொருட்டு விளக்கு அணையாது எரியும். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மண்ணைக் கொட்டி எண்ணுவர். தலைப்புறத்தை மெல்லத் தொட்டும் அசையாத புழு இறந்ததாகக் கொள்ளப்படும். பாதிப் புழுவைக் கொல்லும் செறிவே விடையாக எழுதப்படுவது. ஒப்பீட்டுச் சாடிகளில் பத்து விழுக்காட்டுக்கு மேற் சாவு நேர்ந்தாற் சோதனை செல்லாது.

சோதனைக்குரிய புழு ஐசெனியா பீட்டிடா. எருக்குவியலில் வாழ்வது, விரைவிற் பருவமெய்துவது, பெருகுவது, சாடியில் வளர்ப்பதற்கு மிக எளிது. இதனோடு நெருங்கிய ஐசெனியா அன்ட்ரேயையும் பயன்படுத்துவர். இரண்டும் வேறு இனங்கள் எனத் தெளிவாகப் பிரித்தறியப்பெறாத காலமும் இருந்தது. இத்தெரிவு வசதி கருதியது என்பதில் ஐயமில்லை, அது குற்றமுமன்று. எல்லா ஆய்வுகூடங்களும் ஒரே புழுவையும் ஒரே மண்ணையும் பயன்படுத்தினாலன்றி ஒரு மருந்தை மற்றொன்றோடு ஒப்பிடல் அரிது. ஆயின், வயலின் மண்ணுள் வாழாத ஒரு புழுவும், எந்த நாட்டு வயலிலும் இல்லாத ஒரு மண்ணும் அதனால் அளவுகோலாயின.

சாவை எண்ணுவது போதாது என்பதும் விரைவிலேயே புலனாயிற்று. 2004இல் அதே நிறுவனம் வெளியிட்ட 222ஆம் வழிகாட்டி இனப்பெருக்கத்தை அளந்தது: முதிர்ந்த புழுக்கள் நான்கு வாரம் மருந்திட்ட மண்ணில் வாழும், பின் அவை அகற்றப்படும், அவை இட்ட முட்டைக்கூடுகளிலிருந்து மேலும் நான்கு வாரத்தில் வெளிவரும் குஞ்சுகள் எண்ணப்படும். சாடியை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினால் குஞ்சுகள் வெம்மை தாளாது மேலே வரும் என்பது இம்முறையின் ஓர் உத்தி. ஒரு புழுவையும் கொல்லாத செறிவு குஞ்சுகளின் தொகையைப் பெரிதும் குறைத்துவிடுதல் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013ஆம் ஆண்டின் விதிகளிற் சாவுச் சோதனையைக் கட்டாயத்திலிருந்து விடுத்து, இனப்பெருக்கச் சோதனையையே கேட்டது. இவற்றிடையே 2008இற் சர்வதேச நியம நிறுவனம் விலகற் சோதனையை வகுத்தது. ஒரு தொட்டியின் ஒரு பாதியில் தூய மண், மறு பாதியில் ஐயத்துக்குரிய மண். 48 மணி நேரத்தில் புழு எப்பக்கம் சேர்கின்றது என்பதே கேள்வி. பத்தில் இரண்டினும் குறைவான புழுக்களே ஐயத்துக்குரிய பக்கத்திற் காணப்படின் அம்மண் புழு வாழத் தகுதி குறைந்தது. எளிய முறைதான், ஆனால் நரம்பைத் தாக்கும் மருந்து புழுவை விலகி ஓடவிடாமலும் செய்யக்கூடுமாதலின், ஓடாத புழுவை நலமுள்ள புழு எனக் கொள்ளல் ஆகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேற்கூறிய சோதனையை இலங்கையிற் செய்ய முற்படும் ஒருவர் முதலிலேயே தடைப்படுவார்: ஸ்பக்னம் பீற் இங்கு கிடையாது. ருகுணுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மங்கள டி சில்வா, களனிப் பல்கலைக்கழகத்தின் அசோக்க பத்திரத்ன, அம்ஸ்ரடாம் சுயாதீனப் பல்கலைக்கழகத்தின் வான் கெஸ்ரல் முதலியோர் சேர்ந்து 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இந்த இடத்திலேயே தொடங்கின. பீற்றுக்குப் பதிலாக நெல்லுமி, மரத்தூள், தும்புச்சோறு என்பனவற்றை இட்டுப் பார்த்து, தும்புச்சோறு ஏற்ற மாற்றென அவர்கள் கண்டனர். தென்னந் தும்பு ஆலைகளின் ஓரத்தில் மலைபோற் குவிந்து கிடக்கும் கழிவு ஆய்வுகூட நியமத்துக்குள் இடம் பெற்றது. அடுத்துப் புழுவை மாற்றினர்: ஐசெனியாவோடு பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேற்றஸ் என்னும் ஆசியப் புழுவையும் சோதித்தனர். பின்னர் வெப்பநிலை: 20 பாகையோடு வெப்பநாட்டு நிலைக்கு ஏற்ற 26 பாகையிலும் செய்தனர். மருந்துகளாக எடுத்துக்கொண்டவை இலங்கை வயல்களில் அக்காலத்திற் புழங்கிய குளோர்பைரிபோஸ், காபோபியூரன், மங்கோசெப் ஆகிய மூன்று. வெப்பநிலையின் விளைவும் மண்வகையின் விளைவும் மருந்துக்கு மருந்து வேறுபட்டன. குளிர்நாட்டு எண்ணை ஒரு நிலையான மடங்காற் பெருக்கி வெப்பநாட்டு எண்ணாக்கிவிடலாம் என்னும் எளிய வழி இதனால் அடைபட்டது.

எம் நோக்கில் இவ்வரிசையின் மிகச் சிறந்த ஆய்வு 2010இல் வெளிவந்ததாகும். வெப்பநாட்டு மண்ணில் இடப்பட்ட குளோர்பைரிபோஸ் மண்புழுவையும் கறையானையும் ஒருங்கே அடக்கி, அதனாற் சேதனப் பொருளின் உக்கலைக் குறைத்தது என அது காட்டிற்று. எத்தனை புழு இறந்தது என்பதிலிருந்து, புழு செய்யும் வேலை நின்றதா என்பதற்குக் கேள்வி பெயர்ந்தது. கறையானைச் சேர்த்துக்கொண்டமையும் வெப்பநாட்டார் கண்ணுக்கே எளிதிற் புலப்படத்தக்க செயல். ஐரோப்பிய வழிகாட்டிகள் எழுந்த வயல்களிற் கறையானுக்கு இடமில்லை.

இவற்றை லக்கலையில் நிறுத்தி நோக்குவோமாயின் மூன்று செய்திகள் தெளிவாகும். முதலாவது, நியம மண்ணின் பத்து விழுக்காட்டுப் பீற். கொழுப்பில் எளிதிற் கரையும் மருந்துகள் சேதனப் பொருளோடு இறுகப் பிணைவன. பிணைந்த மருந்து புழுவை எளிதிற் சென்றடையாது. இக்காரணத்தால் ஐரோப்பிய மதிப்பீட்டிலேயே அத்தகைய மருந்துகளுக்கான சோதனைப் பெறுமானத்தை இரண்டாற் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம் உலர் வலயத்தின் செங்கபில மண்களிற் சேதனப் பொருள் அந்தப் பத்து விழுக்காட்டுக்கு மிகக் கீழேயே நிற்கும். ஆகவே சாடியிற் புழுவைக் காத்த பொருள் வயலில் இல்லை. கணவாய்க்கு மேற்கே ஈரக்காட்டு மண்ணில் அது ஓரளவு உண்டு, கிழக்கே அருகும். ஒரே பிரதேசத்துக்கு ஒரே எண் பொருந்தாமைக்கு இஃதொன்றே போதும்.

இரண்டாவது, புழுவின் வாழ்விடம். பிரான்சு நாட்டு அறிஞர் பூஷே 1970களில் மண்புழுக்களை மேற்பரப்பின் உக்கலில் வாழ்வன, மண்ணுள்ளேயே வாழ்வன, ஆழ்ந்த நிலைக்குத்து வளை அமைத்து மேலே வந்து இலையை இழுத்துச் செல்வன என மூவகைப்படுத்தினார். ஐசெனியா முதல்வகை. அதற்கு மாற்றாக நாம் மகிழ்ந்து ஏற்கும் பெரியோனிக்ஸும் அதே வகையே என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எருக்குழியிலே பெருகுவதாலன்றோ அது ஆய்வுகூடத்துக்கு எளிதாயிற்று! வயல் வரம்பிலும் சேனை மேட்டிலும் மண்ணையே தின்று மண்ணுள் ஊரும் புழு, தூவிய மருந்தைத் தோலால் மட்டுமன்றிக் குடலாலும் ஏற்பது. ரெம்பிள்ரன் பெயரிட்ட மெகாஸ்கோலெக்ஸ் போன்ற பெரும்புழுவைச் சாடியில் வளர்த்துப் பெருக்குதல் எளிதன்று. இலங்கைப் புழுவின் பெயர் ஒரு குடும்பத்தின் தலைப்பில் நிற்க, சோதனை மேசையில் ஐரோப்பிய எருப்புழு இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, சட்டமும் அரசாணையும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவு செய்யப்படாத மருந்து விற்பனைக்கு வருதலைத் தடுத்தது. அதன்பின் 1995இல் மொனோகுரோட்டோபொசும் மெதமிடோபொசும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன, இவை நஞ்சுண்டு மாளும் மனித உயிர்களைக் காக்க எழுந்த தடைகள், காக்கவும் செய்தன. 2015இல் கிளைபோசேற்றுத் தடையின் நடுவில் நின்றது சிறுநீரக நோய். 2021 மே மாதம் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனமும் ஒருசேர இறக்குமதித் தடைக்குள்ளாகி, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீங்கியது. ஆறு மாதத்தில் மண்ணின் உயிர் மீளாது. ஆறு மாதம் பசளையின்றி நின்ற கமக்காரரின் இழப்போ உடனடியாகத் தெரிந்தது. மண்ணைச் சோதித்து, இன்ன மருந்து இன்ன மண்ணில் இவ்வளவு கேடு செய்யும் என எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றாக விலக்கியிருப்பின் கமக்காரரும் தாங்கியிருப்பர் என்பதே எம் துணிபு. குளோர்பைரிபோஸ் 2025இல் ஸ்டொக்கோம் உடன்படிக்கையின் நீக்கற்பட்டியலிற் சேர்க்கப்பட்டது, விதிவிலக்குகள் சிலவற்றுடன். ருகுணு ஆய்வு வெளிவந்து அப்போது பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

லக்கலையின் புதுநிலத்துக்கு வேண்டிய சோதனைக்குப் பெருஞ்செலவு பிடிக்கும் கருவி தேவையில்லை. புழுவை எண்ணுதற்கு முன்னாளிற் போமலின் கரைசலை மண்ணில் ஊற்றி அவற்றை மேலெழச் செய்தனர். அது தீங்கென உணர்ந்தபின் கடுகுத்தூள் கரைத்த நீரைப் பலரும் கைக்கொண்டனர். காரம் தாளாது புழு மேலே வரும். கழுவி மீண்டும் விடலாம். உக்கலை அளக்கும் வழக்கமான முறைகளுள் ஒன்று வலைப்பை: உலர்த்தி நிறுத்த இலையைப் பைகளிலிட்டு மண்ணிற் புதைத்து, சில வாரங்கழித்து எடுத்து மீண்டும் நிறுத்தல். கண் அகன்ற வலையினுள் புழு புகும். கண் நுண்ணிய வலையினுட் புகாது. இரண்டு பைகளிலும் எஞ்சும் இலையின் நிறை வேறுபாடே புழு முதலிய மண்விலங்குகள் செய்த வேலையின் அளவு. மருந்திட்ட பாத்தியில் ஒரு சோடி, இடாத பாத்தியில் ஒரு சோடி. இலுக்கும்புறவுக்கு மேலே ஒரு வரிசை, நீர்த்தேக்கத்தை அடுத்த புதுவயலில் ஒரு வரிசை. புதைக்கும் இலை அவ்வவ்விடத்து மரத்தின் இலையாயிருத்தல் வேண்டும். நிறுப்பதற்கு முன் ஒட்டிய மண்ணை நன்கு கழுவி உலர்த்தவும் வேண்டும். முதல் வரிசையைப் புதைத்தற்கு ஏற்ற காலம் வடகீழ்ப் பருவமழை இறங்கி மண் நனைந்த பின்னராகும். வரண்ட மாதங்களில் மண்ணுள் வாழும் புழுக்கள் ஆழச் சென்று சுருண்டு கிடக்கும்.